ராஜினாமா நினைவிருக்கிறது

1956 நவம்பர் 23, விடியற்காலை. கனமழையில் மருதையாறு பெருக்கெடுத்து ஓடியது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. என்ஜினும் அதையடுத்த பெட்டிகளும் வெள்ளத்துக்குள் போயின. சுமார் 150 பேர் இறந்தார்கள். சில மாதங்களுக்கு முன் நடந்த மகபூப்நகர் விபத்துக்காக ராஜினாமா கொடுத்து, நேரு ஏற்க மறுத்ததால் தொடர்ந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இம்முறை பதவி விலகியே விட்டார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரியலூர் விபத்து ஒரு மதிப்பெண் கேள்வி, விடை சாஸ்திரி. தமிழ்நாட்டு அரசியலுக்கு வேறொரு நினைவு. 1957இல் முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய திமுக, ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனைக் குறிவைத்து 'ஆண்டது', 'மாண்டது' என்று எதுகை போட்டுக் கோஷம் கட்டியது. தமிழ் படித்தவளாக அந்த எதுகையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் இரண்டு நினைவுகளுமே பதவியைப் பற்றியவை: ஒன்று துறந்த பதவி, இன்னொன்று துறக்கச் சொன்ன பதவி. கயிறு வீசுகிறவரும், பிணத்துக்குத் துணி போர்த்துகிறவரும், நனைந்து கரையேறியவருக்கு அடுப்பு மூட்டுகிறவரும் எந்தப் பேரிடரின் வரலாற்றிலும் பெயரோடு வருவதில்லை. (பெரம்பலூரிலிருந்து அரியலூர் மாவட்டம் இரண்டாம் முறையாகப் பிரிந்த நாளும் நவம்பர் 23தான், 2007இல். தற்செயல்தான்.)

மருதையாறு காட்டாறு. பச்சைமலைப் பக்கம் பெய்யும் மழையை வாங்கிக்கொண்டு இரண்டு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடம் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல். மழை வலுத்தால் சில மணி நேரத்தில் வெள்ளம். இப்படிப்பட்ட ஆற்றுக்கு நகரத்திலிருந்து மீட்புப் படகு வந்து சேர்வதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். அந்த நேரத்தில் ஊரில் இருப்பவர்தான் மீட்பவர். யார் இருக்கிறார்கள்? ஆண்களில் பலர் திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில், வளைகுடாவில். ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும்.

'தன்னார்வலர்' என்ற சொல்லை நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? படகு ஓட்டுகிறவருக்கும் மரம் அறுக்கிறவருக்கும் உடனே கொடுத்துவிடுகிறோம். முகாமில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள், பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியைக் கைப்பிடித்து அழைத்து வருகிறவள் ஆகியோருக்கு அந்தப் பெயர் இல்லை. அது அவள் வழக்கமாகச் செய்வதுதானே என்கிறோம்.

பெயர் தராததோடு இது நிற்பதில்லை, உயிரையும் எடுக்கிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883 என்று ஆக்ஸ்ஃபாம் அறிக்கை பதிவு செய்தது. கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146. கடலுக்குள் இருந்த படகுகளுக்கு அடியில் அலை கடந்து போனது. மீன் வரவுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் மீது விழுந்தது. நீந்தவும் மரமேறவும் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்த ஊர்கள் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

வங்கதேசம் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. 1970 புயலுக்குப் பின் 1972இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் ஒலிபெருக்கியோடு தெருவில் ஓடியவர்கள் ஆண்கள். 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களே மிக அதிகம். தெருவில் கேட்ட எச்சரிக்கை வீட்டுக்குள் முடிவாக மாறவில்லை. கணவர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். இன்று அத்திட்டத்தின் 76,000 தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களால் அடுக்களை வரை போய்ப் பேச முடிகிறது.

2020இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்கில் முதல்நிலை மீட்பாளர்கள் 43,409 பேர், பெண்கள் 14,232. மூன்றில் ஒருவர். குறைவில்லைதான், ஆனால் ஊரில் இருப்பவர்களின் விகிதம் அதுவல்ல. மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டம் 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேருக்குப் பயிற்சி என்றது. பயிற்சி 12 நாள். மாட்டையும் மாமியாரையும் பள்ளிப் பிள்ளையையும் 12 நாள் யாரிடம் விட்டுவிட்டு வருவது? அதே பாடத்தை அரை அரை நாளாக ஊர்ச் சாவடியிலேயே நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

ஆள் தேடவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்ட வேலைநாட்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்களுடையவை. வரத்து வாய்க்காலைத் தூர்வாரி, ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள் அவர்கள். எந்த மதகு ஒழுகும், எந்தக் கரை முதலில் உடையும், எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும் என்பது பொறியாளருக்குத் தெரிவதற்கு முன் அவர்களுக்குத் தெரியும். பேரிடர்ப் பயிற்சிக்குப் பட்டியல் எடுக்கும் அதிகாரி ஒரு காலைப்பொழுது அந்த வேலைத்தளத்துக்குப் போனால் போதும். பெயர்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன.