கார்ல்ஸ்பேர்க்: அறிவும் உழைப்பும் பற்றிச் சில குறிப்புகள்

என்னோடு வேலைசெய்த டெனிஷ்காரர் ஒருவரின் ஓய்வுபெறும் விருந்துக்காகவே கார்ல்ஸ்பேர்க்கின் பழைய தொழிற்சாலைக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தேன். கொப்பன்ஹேகனில் வல்பி மேட்டில் அது இருக்கிறது. 2008ம் ஆண்டு பியர் உற்பத்தி அங்கிருந்து பிரடெரிசியா நகருக்கு மாற்றப்பட்டுவிட்டது. சுற்றியுள்ள நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பழைய கட்டடங்களில் ஒரு பகுதி புதுப்பிக்கப்பட்டு 2023 டிசம்பரில் அருங்காட்சியகமாக மீண்டும் திறக்கப்பட்டது. கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் அங்கே மண்டபங்கள் உண்டு. விருந்து மாலையில்தான். நான் மத்தியானமே போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தேன்.

குடிப்பது சரியா பிழையா என்று விவாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. குடி எங்கள் சமூகத்தில் எத்தனை வீடுகளைக் குலைத்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். நான் எழுத வந்தது வேறொரு விடயம்.

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் விரிவுரையாளராக இருந்த காலத்தில், ஒவ்வொரு வருடமும் இரண்டு பாடங்களைத் தவறாமல் படிப்பித்தேன். ஒன்று, உணவுப் பொருளிலுள்ள நைதரசனை அளந்து அதிலிருந்து புரதத்தின் அளவைக் கணிக்கும் கெல்டால் முறை. மற்றது, ஒரு கரைசலின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவுத்திட்டம். இவையிரண்டும் ஒரு பியர் முதலாளி நிறுவிய ஆய்வுகூடத்தில் பிறந்தவை என்பதை நான் மாணவர்களுக்குச் சொன்னதில்லை. எனக்கே அது தெரியாது. பார்லியில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பது பியர் காய்ச்சுபவருக்கு அவசியமான கேள்வி. யோகான் கெல்டால் 1883ல் அதற்கு விடை கண்டார். நொதியங்களின் தொழிற்பாடு அமிலத்தன்மையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று ஆராய்ந்த சோரன்சன், 1909ல் பி.எச். அளவுத்திட்டத்தைத் தந்தார். தூய விஞ்ஞானம் என்று நாம் கரும்பலகையில் எழுதியது, ஓர் உற்பத்தித் தேவையின் வயிற்றில் பிறந்த பிள்ளை.

இத்தொழிற்சாலையை 1847ல் தொடங்கியவர் யே. சி. யாகொப்சன். மகன் கார்லின் பெயரோடு, மேடு என்று பொருள்படும் 'பேர்க்' என்ற சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தார். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1845ல், மியூனிக் நகரின் ஸ்பாட்டன் தொழிற்சாலையிலிருந்து லாகர் பியருக்கான மதுவத்தைக் கொண்டுவந்தார். குதிரைவண்டி நின்ற இடங்களிலெல்லாம் குளிர்நீர் ஊற்றி அதைச் சாகாமல் காப்பாற்றினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. 1875ல் ஆய்வுகூடத்தையும், 1876ல் அதனைப் பராமரிக்கவும் விஞ்ஞானத்துக்கு உதவவும் ஒரு நிதியத்தையும் நிறுவினார். பின்னர் மகனோடு முரண்பட்டார். கூடுதலாகவும் விரைவாகவும் உற்பத்தி செய்யவேண்டும் என்பது மகனின் கட்சி. தரமே முதன்மை என்பது தகப்பனின் கட்சி. கார்ல் பக்கத்திலேயே புதிய தொழிற்சாலையை நடத்தினார். 1887ல் யாகொப்சன் இறந்தபோது பழைய தொழிற்சாலை நிதியத்துக்குப் போனது, மகனுக்கல்ல.

ஆய்வுகூடத்தின் மிகப் பெரிய சாதனை எமில் கிறிஸ்டியன் ஹான்சனுடையது. அக்காலத்தில் பியர் அடிக்கடி கெட்டுப்போகும். காரணம் யாருக்கும் புரியவில்லை. நல்ல மதுவத்தோடு காட்டு மதுவங்களும் கலந்திருப்பதே காரணம் என்று ஹான்சன் காட்டினார். ஒரேயொரு கலத்தைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து முழு வளர்ப்பையும் பெருக்கினார். 1883ல் இத்தூய மதுவம் உற்பத்தியில் பயன்படத் தொடங்கியது. யாகொப்சன் இதைப் பூட்டி வைக்கவில்லை. மற்றத் தொழிற்சாலைகளுக்கும் இலவசமாகவே கொடுக்கச் செய்தார்.

இது வெறும் பெருந்தன்மையா? தாம் தொடங்கிய மதுவமே இன்னொருவரிடம் பெற்றது என்பதை அவர் மறந்திருக்க முடியாது. அதேவேளை, இலவசமாகக் கொடுத்ததால் கார்ல்ஸ்பேர்க்கின் பெயர் உலகெங்கும் பரவியதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். முதலாளி செய்ததால் நல்லதை மறுப்பதும், நல்லது செய்ததால் முதலாளி என்பதை மறப்பதும் ஒரே வகைப் பிழைதான்.

ஹான்சனைப் பற்றி இன்னுமொரு தகவல் என்னை நிறுத்திவைத்தது. அவர் வறிய குடும்பத்திலிருந்து வந்து, வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழில் செய்தவர்; கதைகள் எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்தவர். அவர் தூரிகையிலிருந்து நுணுக்குக்காட்டிக்குப் போனார். எதிர்த்திசையில் வந்தவன் நான். இதை அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. ஒரு சமூகம் யாருடைய அறிவை அறிவு என்று ஏற்றுக்கொள்கிறது என்ற கேள்வி இதில் இருக்கிறது.

வெளியே வந்தால் 1901ல் கார்ல் கட்டிய யானை வாசல். போர்ன்ஹொல்ம் தீவின் கருங்கல்லில் செதுக்கிய நான்கு யானைகள் கோபுரத்தைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. அவற்றின் உடலில் எங்கள் கோயில்களில் காணும் சுவஸ்திகா. நாசிகளுக்கு முந்திய காலத்து வியாபாரச் சின்னம் அது. கார்லின் நான்கு பிள்ளைகளுடைய பெயர்களின் முதலெழுத்துக்களும் யானைகளில் உண்டு. 'நாட்டுக்காக உழைப்போம்' என்பது கார்ல் இலத்தீனில் வைத்துக்கொண்ட குறிக்கோள். உழைப்போம் என்ற பன்மையில் பார்லியைக் கிளறியவர்களும், பீப்பாய் உருட்டியவர்களும், போத்தல் கழுவியவர்களும் அடங்குகிறார்கள். கல்லில் உள்ள எழுத்துக்களோ முதலாளியின் பிள்ளைகளுடையவை.

உழைப்பவர்கள் உலகச் செய்தியில் வந்த சந்தர்ப்பம் ஒன்றுண்டு. 2010 ஏப்ரலில் கொப்பன்ஹேகனில் நூற்றுக்கணக்கான கார்ல்ஸ்பேர்க் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வேலைநேரத்தில் பியர் குடிக்கும் பழைய உரிமையை நிர்வாகம் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டுப்படுத்தியதே காரணம். உலகம் சிரித்தது. நானும் சிரித்தேன். இயந்திரத்தின் முன் சில வருடங்கள் நின்றபின்புதான் இன்னொரு பக்கம் தெரிந்தது: தலைமுறைகளாக இருந்த ஒரு வழக்கத்தை மேலேயுள்ளவர்கள் மாற்றும்போது கீழேயுள்ளவர்களுக்கு அதில் என்ன குரல்? பிரச்சினை பியர் மட்டுமல்ல.

இதை எங்கள் பக்கம் திருப்பிப் பார்க்கவேண்டும். ஐரோப்பாவின் மீன் தொழிற்சாலைகளிலும் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் நாற்பது வருடங்களாக உழைக்கிறோம். எங்கள் வரலாறு என்று நாம் எழுதுவதில் இயக்கங்களும் தலைவர்களும் பிளவுகளும் இருக்கின்றன; அவை எழுதப்படவே வேண்டும். ஆனால் இந்த உழைப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? சம்பளத் துண்டுகளையும், வேலை அட்டைகளையும், அடுத்த சிப்ட்டுக்கு எழுதிவைத்த குறிப்புகளையும் வீடு மாறும்போது குப்பையில் போட்டுவிடுகிறோம். தொழிற்சாலைகள் மூடப்படும். சில விருந்து மண்டபங்களாகும். அப்போது சுவரில் தொங்கவிட எங்களிடம் எதுவும் இராது. யாராவது இதைச் சேகரிக்கத் தொடங்கவேண்டும். முதற் பொதியாக என்னுடைய பழைய சம்பளத் துண்டுகளைத் தர நான் ஆயத்தம்.

அன்று மாலை விருந்தில் அந்த டெனிஷ்காரர் எழுந்து இரண்டு நிமிடம் பேசினார். மூடியைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர். முப்பத்தொரு வருட வேலை. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. திங்கட்கிழமை அவருடைய இடத்தில் ஒரு புதுப் பொடியன் நின்றான். அந்தச் சத்தத்தை அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.