உயர்திணையில் ஓர் இடம்



தமிழ் இலக்கணத்தைப் பள்ளியிலே பயின்றவர் எவரும் முதலிலே கற்பது திணைப் பாகுபாடாகும். மக்களைக் குறிக்குஞ் சொற்கள் உயர்திணை; விலங்கு முதலியவற்றையும் உயிரற்ற பொருள்களையும் குறிப்பன அஃறிணை. இப்பாகுபாட்டின் எல்லைக் கோட்டிலே நிறுத்தப்பட்ட ஒரு சாரார், இந்தியாவிலே கல்லூரி வாயிலை அடைந்த வரலாற்றைக் குறித்து இன்று சில கூற விரும்புகின்றேன். பிறப்பிலே ஆணெனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாய் வாழ்வோரைத் திருநங்கையர் என்றும், பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாய் வாழ்வோரைத் திருநம்பியர் என்றும், அனைவரையுஞ் சேர்த்துத் திருநர் என்றும் இக்காலத் தமிழ் வழங்குகின்றது.

இவர்கள் புதிதாகத் தோன்றியவர்கள் அல்லர். தொல்காப்பியனார் தமது சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இவர்களைக் குறிக்குஞ் சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கெனத் தனி ஈறு இல்லையாயினும் அஃது உயர்திணை வினையையே பெறும் என விதித்தார். பின்னர், பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தியார் நன்னூலிலே ஒருபடி முன்னே சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்க என்றார். ஒருவரது பாலை அவரது விருப்பமே தீர்மானிக்கும் என்ற கருத்து அங்கே தொனிக்கின்றது. ஆயினும் அதே இடத்தில், இவ்விரு சாராரையும் அஃறிணை போலச் சொல்லுதலும் உண்டு என அவர் கூறிச் சென்றார். "அவர்" என்பதா, "அது" என்பதா என்ற தடுமாற்றம் நமது இலக்கணத்திலேயே பதிவாகியிருக்கின்றது. அத்தடுமாற்றம் ஏட்டோடு நின்றிருந்தால் நாம் அதைப் பற்றி இன்று பேசவேண்டியதில்லை. தெருவிலும் வகுப்பறையிலும் அது நெடுங்காலமாக ஒலித்து வந்திருக்கின்றது.

ஆங்கில ஆட்சியில் இத்தடுமாற்றம் பகையாக மாறியது. 1871 ஆம் ஆண்டிலே இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டது. சில சாதியினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளெனக் கொண்ட அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி, இம்மக்களைக் குறித்தே எழுதப்பட்டது. சந்தேகத்துக்கு உரியவர் எனக் கருதப்பட்டோரின் பெயர்களை அரசினர் இடாப்பிலே பதிவு செய்யலாம். அவ்வாறு பதியப்பட்டவர் பெண்ணுடை அணிந்து பொதுவிடத்திலே தோன்றினாலும், அங்கே ஆடினாலும் பாடினாலும், இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை பெறலாம். பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவன் ஒருவனைத் தம் வீட்டில் வைத்திருத்தலும் குற்றமாயிற்று. பிள்ளையைத் தத்தெடுக்கவும், மரண சாதனம் எழுதவும் அவர்களுக்கு உரிமை இல்லாதொழிந்தது. அரசு முதன் முதலாக அவர்களது பெயரை எழுதிக்கொண்டது கல்விக்காக அன்று; கண்காணிப்பதற்காகவே. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். ஏனெனில், பின்னர் வந்த வரலாறு முழுவதும் அவர்களது பெயர் எந்த இடாப்பிலே எழுதப்படுகின்றது என்பதைப் பற்றியதேயாகும்.

நல்ல இடாப்பொன்றில் அப்பெயர் ஏறுவதற்கு 137 ஆண்டுகள் சென்றன. 2008 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே தமிழ்நாட்டு அரசு இவர்களுக்கென ஒரு நல வாரியத்தை நிறுவியது. தொடக்கத்திலே "அரவாணிகள் நல வாரியம்" என்பது அதன் பெயர். "திருநங்கை" என்னும் மதிப்பு வாய்ந்த சொல் பின்னர் அவ்விடத்தைப் பெற்றது. அதே ஆண்டிலே, அரசினர் கலை, விஞ்ஞானக் கல்லூரிகளின் சேர்க்கையில் மூன்றாம் பாலினர் என்ற பிரிவும் இடம்பெற்றது. விண்ணப்பப் பத்திரத்திலே ஒரு சிறு கட்டம் கூடியது, அவ்வளவே. ஆயினும், தாம் யாரென்பதை மறைக்காமல் அப்பத்திரத்தை நிரப்பலாம் என்பது அதற்கு முன்னர் அவர்கள் அறியாத ஒன்று.

நாடு முழுவதற்குமான தீர்ப்பு 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் வந்தது. தேசிய சட்டப் பணிகள் அதிகாரசபை தொடுத்த வழக்கிலே, இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர்களான இராதாகிருஷ்ணன், சிக்ரி ஆகிய இருவரும், தமது பால் யாதெனத் தீர்மானிக்கும் உரிமை அவரவர்க்கே உண்டு எனத் தீர்ப்பளித்தனர். அத்தோடு, மூன்றாம் பாலினரைச் சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பாரெனக் கொண்டு, கல்வி நிலையங்களிலும் அரச நியமனங்களிலும் ஒதுக்கீடு வழங்குமாறு அரசுகளைப் பணித்தனர். பவணந்தியார் இலக்கணத்திலே தொட்டுச் சென்றதை நீதிமன்றம் சட்டமாக உரைத்தது எனலாம். அதே ஆண்டிலே கிரேஸ் பானு என்பார் பொறியியற் கல்லூரியிலே இடம்பெற்று, தமிழ்நாட்டில் அத்துறையிற் சேர்ந்த முதலாவது திருநங்கை எனப் பெயர் பெற்றார்.

"ஒரு சிலருக்காக இத்துணை ஏற்பாடு வேண்டுமா?" என வினவுவோர் உளர். 2011 ஆம் ஆண்டு இந்தியச் சனத்தொகைக் கணக்கெடுப்பிலே ஆண், பெண் என்ற இரண்டும் அல்லாத பிரிவிற் பதிவானோர் 4,87,803 பேர். தம்மை வெளிப்படுத்த அஞ்சியோர் இத்தொகையில் அடங்கார். இவர்களிலே பெரும்பாலோரின் கல்வி பாடசாலைப் பருவத்திலேயே முறிந்துவிடுகின்றது. சக மாணவரின் கேலி ஒருபுறம். பெற்றோரின் அடியும் வெளியேற்றமும் மறுபுறம். வீட்டை விட்டு நீங்கிய பிள்ளைக்குப் பாடசாலை ஏது? ஆகவே, கல்லூரி வாயிலைத் திறந்து வைத்துவிட்டு, "ஒருவரும் வரவில்லையே" என்று சொல்லுதல் நியாயமாகாது.

வந்து கற்றுத் தேறினாலும் துயர் தீர்ந்தபாடில்லை. லிவிங் ஸ்மைல் வித்யா என்பாரின் வாழ்வு இதற்குச் சான்றாகும். மொழியியலிலே முதுகலைப் பட்டம் பெற்ற அவர், திருநங்கையாய் வாழத் தலைப்பட்டபோது புகைவண்டிகளிலே கையேந்த நேர்ந்தது. 2007 ஆம் ஆண்டிலே வெளிவந்த "நான், வித்யா" என்னும் தன்வரலாற்று நூலில் அவர் இதனை எடுத்துரைத்திருக்கின்றார். பட்டச் சான்றிதழிலே ஒரு பெயர், வாழும் வாழ்விலே வேறொரு பெயர் என இருந்தால், கற்ற கல்வி கைகொடுப்பது அரிது. சான்றிதழிலே பெயரை மாற்றித் தருதல் காரியாலயத்தாருக்குச் சிறு வேலை. உரியவருக்கோ அது வாழ்வுப் பிரச்சினை.

மேற்கு வங்காளத்திலே மானபி பந்தோபாத்தியாய என்னும் திருநங்கை 2015 ஆம் ஆண்டு கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரியின் அதிபராகப் பதவியேற்றபோது நாடே வியந்தது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் இறுதியிலே, ஒத்துழைப்பு இல்லையெனக் கூறி அவர் பதவி விலகற் கடிதத்தைக் கையளித்தார். கல்லூரியின் தலைமை ஆசனத்திலே அமர்ந்தவருக்கே இந்நிலையாயின், பின்வரிசையிலே தனித்திருக்கும் மாணவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இதனை உணர்ந்தே பிற்கால ஏற்பாடுகள் வாயிலைக் கடந்து உள்ளே நோக்கின. இந்தியப் பல்கலைக்கழக மானிய ஆணைக்குழு 2016 ஆம் ஆண்டிலே பகிடிவதை பற்றிய தன் விதிகளைத் திருத்தி, ஒருவரது பால் அடையாளத்தைக் காட்டி இழிவுபடுத்துதலும் பகிடிவதையே என வரையறுத்தது. கேரள அரசு 2018 ஆம் ஆண்டிலே, பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கலை, விஞ்ஞானக் கல்லூரிகளிலும் ஒவ்வொரு பாடநெறிக்கும் மேலதிகமாக 2 இடங்களை ஒதுக்கியது. வேறெவர் இடத்தையும் பறிக்காத முறை அது. 2019 ஆம் ஆண்டிலே இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், கல்வி நிலையங்கள் இவர்களை வேறுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதோடு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சமவாய்ப்பு அளித்தல் வேண்டுமெனக் கூறியது. உயர்கல்வி பயிலும் திருநங்கையரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் எனத் தமிழ்நாட்டின் 2024 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. இவற்றிலே பகிடிவதை விதியும் விடுதிக் கட்டணமும் சிறப்பாகக் கவனிக்கத்தக்கன. கல்லூரியிலே ஒரு மாணவரின் நாள் விரிவுரை மண்டபத்தில் மாத்திரம் கழிவதன்று. எந்த விடுதியில் உறங்குவது, எந்த மலசலகூடத்துக்குச் செல்வது, யாருடன் அமர்ந்து உண்பது என்ற வினாக்கள் அவருக்கு நாடோறும் எழுகின்றன. அவற்றுக்கு விடை காணாத கல்லூரி, இடம் அளித்தும் அளியாததேயாகும்.

நமது இலங்கையிலும் ஒரு தொடக்கம் உண்டு. 2016 ஆம் ஆண்டிலே சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உரிய வைத்தியர் வழங்கும் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவிலே பெயரையும் பாலையும் திருத்திக்கொள்ள வழி பிறந்தது. கல்வி நிலையங்களிலே பகிடிவதையைத் தடைசெய்யுஞ் சட்டமோ 1998 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கி, நமது கலாசாலைகள் செய்யத்தக்கவை யாவை எனச் சிந்திப்பது நம்மவர் கடமை.

நேயர்களே, சட்டம் செய்யக்கூடியது ஒன்று; ஆசிரியரும் மாணவருமே செய்யக்கூடியது மற்றொன்று. காலையிலே விரிவுரையாளர் இடாப்பைத் திறந்து பெயர்களை அழைக்கின்றார். ஒரு திருநங்கை மாணவி தாம் ஏற்றுக்கொண்ட பெயராலே அழைக்கப்பட்டு, தலை நிமிர்ந்து விடையளிக்கின்றார். எவரும் திரும்பிப் பார்த்து நகைக்கவில்லை. அவரைப் பற்றிப் பேசுவோர் "அவர்" என்றே பேசுகின்றனர். இதற்குப் பணம் வேண்டியதில்லை. புதிய கட்டடமும் வேண்டியதில்லை. 1871 ஆம் ஆண்டின் இடாப்பிலே பெயர் எழுதப்பட்டோர் அஞ்சி ஒடுங்கினர். இன்றைய கல்லூரி இடாப்பிலே பெயர் எழுதப்படுவோர் அச்சமின்றி அமர்ந்து கற்றல் வேண்டும். தொல்காப்பியனார் தயக்கமின்றி அளித்த உயர்திணையை நாம் நமது நாவினாலும் நடத்தையினாலும் அளிப்போமாக.