படியளந்தவர் யார்?

ஓர் ஊரில் பள்ளிக்கூடம் ஒன்று நின்றால், அதனைக் கட்டியவர் பெயரை வாயிற்கல்லில் காண்கிறோம். அங்கே பாடம் சொன்ன ஆசிரியருக்குத் திங்கள்தோறும் படியளந்தவர் யார் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் திருநெல்வேலி ஜில்லாவின் மேற்கெல்லையில் இருந்த தென்காசி, குற்றாலப் பகுதியை முன்வைத்து அக்கேள்வியை இங்கே ஆராய்வோம்.

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்கள் அனைவரிடமும் கல்விக் கணக்குக் கேட்டார். 1826-இல் தொகுக்கப்பெற்ற விடையின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் பயின்றனர். திருநெல்வேலி ஜில்லாவில் மட்டும் 607 பள்ளிகள். மாணவர் 9,377 பேர். அவர்களுள் முஸ்லிம் சிறுவர் 796 பேர். பெற்றோர் கொடுத்த நெல்லும் காசுமே பெரும்பாலும் திண்ணைப்பள்ளி வாத்தியாரின் வருவாய். மக்தபுகளில் ஓதிக்கொடுத்த லெப்பைமாருக்கு ஜமாஅத்தார் படியளந்தனர்.

மன்றோ ஒரு திட்டம் வகுத்தார். ஜில்லாவுக்கு இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு பெரும்பள்ளிகள்; தாசில்தோறும் ஒரு சிறுபள்ளி. பெரும்பள்ளி ஆசிரியருக்குத் திங்களுக்கு 15 ரூபாய். தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். 1827-இல் மன்றோ காலமானார். திட்டம் முழுமை பெறுமுன்னரே, 1836-இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன.

இதே காலத்தில், தென்காசிக்கு மேற்கே சில மைல் தொலைவிலிருந்த செங்கோட்டையில் நிலைமை வேறு. அவ்வூர் 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூரின் எல்லைக்குள்ளும், பின்னர் அதன் வழிவந்த திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துள்ளும் இருந்தது. மக்கட் கல்வியின் முழுச்செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-இலேயே ஆணை பிறப்பித்திருந்தார். ஆணை முழுவதும் நிறைவேறப் பல்லாண்டுகள் சென்றன என்பது உண்மையே. ஆயினும், குற்றாலச் சாரல் இருபுறத்தையும் ஒன்றுபோல நனைக்க, கல்விக்குப் பொறுப்பு யாருடையது என்பதில் அடுத்தடுத்த இரு ஊர்கள் இருவேறு கொள்கைகளின் கீழ் வாழ்ந்தன என்பது நினைக்கத்தக்கது.

சென்னை மாகாணத்தின் வழி 1854-ஆம் ஆண்டுக் கல்விச் சாசனத்திற்குப் பின் தெளிவாயிற்று. தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு மானியம் தரும். ஆனால் உலகியற் பாடங்களுக்கு மட்டுமே தரும். பின்னர், தேர்ச்சியைப் பொறுத்து மானியம் அளக்கும் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று தொகை கிடைக்கும். நாற்று நடவுக்குப் போன பிள்ளை அன்று வராவிடில், ஆண்டு முழுதும் கற்பித்த ஆசிரியருக்கு அப்பிள்ளையின் பங்கு இல்லை.

1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் நிலத்தின் மேல் ரூபாய்க்கு ஓரணா வரை மேல்வரி விதிக்க இடந்தந்தது. அதில் பெரும்பங்கு சாலைகளுக்குப் போயிற்று. எஞ்சியதைப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பகிர்ந்துகொண்டன. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் அமைந்து, பள்ளிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றன.

இங்கேதான் நம் சமுதாயத்தைப் பற்றிய வினா எழுகிறது. நிலம் வைத்திருந்த முஸ்லிமும் மற்றவரைப் போலவே மேல்வரி செலுத்தினார். ஆனால் அவர் பிள்ளை ஓதிய மக்தபுக்கு அவ்வரியிலிருந்து ஒரு காசும் திரும்பி வர வழியில்லை. சமயக் கல்விக்கு மானியமில்லை என்ற விதியை அநீதி என்று சொல்லிவிட முடியாது. அது எல்லாச் சமயத்தார்க்கும் பொது. குறை வேறிடத்தில் இருந்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, மக்தபுகள் உலகியற் பாடங்களையும் சேர்த்துக்கொள்ள ஊக்கமளிக்க வேண்டும் என்று நல்ல யோசனை கூறியது. அத்துடன், முஸ்லிம்களின் தொடக்கப் பள்ளிகளில், அவ்வூரார் வேறுமொழி வேண்டினாலன்றி, இந்துஸ்தானியே பயிற்றுமொழியாக இருக்கலாம் என்றும் கூறிற்று. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ். மார்க்க நூல்களைக்கூட அரபுத்தமிழில் எழுதிப் படித்தவர்கள் நம் முன்னோர். முஸ்லிம் என்றால் இந்துஸ்தானி பேசுபவர் என்று கொண்ட அதிகாரிகளின் கண்ணுக்குத் தமிழ் முஸ்லிம் தோன்றவில்லை. தமிழ் எங்கள் மொழி என்று உரக்கச் சொல்லும் கடமை உள்ளூராரின் தலையில் விழுந்தது.

1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் கல்வி வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்தது. ஜில்லாக் கல்விக் கவுன்சில்களையும் அமைத்தது. தாலுகா போர்டுகள் 1934-இல் கலைந்தன. சில ஆண்டுகளில் கவுன்சில்களும் மறைந்தன. மன்றங்கள் மாறினும், வரி கொடுத்த கைகள் மாறவில்லை.

அந்தக் கைகள் கடல் கடந்தும் கொடுத்தன. பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்ற கடையநல்லூர் மக்கள் 1941-இல் அங்கே முஸ்லிம் லீக் என்னும் சங்கம் கண்டனர். போர் முடிந்தபின் 1946-இல் அச்சங்கம் ஒரு பள்ளி தொடங்கியது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் தந்த புலவர் பெயரால் நின்ற அப்பள்ளி 1960-இல் உயர்நிலைப் பள்ளியாயிற்று; மாணவர் குறைந்து 1982-இல் மூடப்பட்டது. ஹண்டர் குழுவின் காலத்தில் அதிகாரிகளின் கண்ணுக்குத் தோன்றாத தமிழ் முஸ்லிம், தன் கல்வி எந்த மொழியில் என்பதைத் தன் பணத்தாலேயே எழுதிக் காட்டிவிட்டார்.

பக்தாதின் நிஜாமிய்யா மதரஸா 1067-இல் திறக்கப்பட்டபோது, ஆசிரியர் ஊதியத்துக்கும் மாணவர் உணவுக்கும் வக்ஃபுச் சொத்துகள் எழுதிவைக்கப்பட்டன. அத்தகைய ஆவணங்களே ஒரு பள்ளியின் வரவு செலவை அறிய உதவுகின்றன. தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. அதன் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அரசுப் பதிவேடுகள் கிடைக்கும். லெப்பைக்கு எத்தனை மரக்கால் நெல், விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்னும் கணக்கு அவற்றில் இராது. அது ஜமாஅத்துப் பெட்டிகளிலும் பழைய வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் ஏடுகளில்தான் இருக்கும். கறையான் முந்திக்கொள்ளுமுன் அவ்வேடுகளைத் திறந்து படியெடுத்து வைப்போமாக.