குதிரை, காளை, போர்ஷே!

திருமானூர்ப் பக்கம் காளை வாங்கப் போகிறவரோடு ஒரு தடவையாவது கூடப் போய்ப் பாருங்கள். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஊர். ஜல்லிக்கட்டு நடக்கிற பூமி. விவரமான ஆள் எடுத்த எடுப்பில் விலை கேட்க மாட்டார். மாட்டின் கீழுதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்ப்பார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பற்களே கிடையாது. கீழே எட்டு. பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டிருக்கிறதா, நாலா, ஆறா, எட்டும் முளைத்துக் 'கடை சேர்ந்து' விட்டதா... வயசு தெரிந்துவிடும். வாய்க்குள்ளேயே ஆர்.சி. புக்!

அடுத்து நடக்க விட்டுப் பார்ப்பார். அப்புறம் சுழி. உடம்பில் ரோமம் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசியான மாடு, ராசியில்லாத மாடு என்று ஒரு பெரிய சாஸ்திரமே உண்டு. ஆகாத சுழிகளில் ஒன்றுக்குப் பெயர் 'பெண்டிழந்தான் சுழி'. அந்தச் சுழி உள்ள மாட்டை வாங்கினவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பானாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். எல்லாம் திருப்தி என்றால்தான் தரகர் துண்டைப் போட, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்.

இப்போது லண்டனில் இருக்கிற உங்கள் மச்சினர் போன் போட்டு, "ஒரு பழைய போர்ஷே டர்போ வருது மாமா, வாங்கட்டுமா?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அந்தக் காருக்குப் பல் எங்கே, சுழி எங்கே?

நான் படித்தது பி.காம். வணிகச் சட்டப் பாடத்தில் எனக்கு இன்றும் மறக்காத ஒரே சங்கதி, 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு. வாங்குகிறவனே, உஷாராக இருந்துகொள் என்பதுதான் அதன் சாரம். சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பொதுவாக, பொருள் நல்ல பொருள்தானா என்று பார்க்கவேண்டியது உன் பொறுப்பு.

இந்தத் தத்துவத்துக்கு ஒரு சுவாரஸ்யமான பூர்வீகம் இருக்கிறது. 1603-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பொற்கொல்லர் ஒருவர் 'பெஸோவர் கல்' என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். பெஸோவர் என்பது ஆடு மாதிரியான பிராணிகளின் வயிற்றில் உருவாவது, விஷத்தை முறிக்கும் என்று நம்பப்பட்டது. நம் கோரோசனைக்குப் பங்காளி முறை. வாங்கினவர் பிற்பாடு பார்த்தால், அது பெஸோவரே இல்லை. கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் என்ன சொன்னது? 'பெஸோவர் என்று அவர் சொன்னார், சரி. பெஸோவர்தான் என்று உத்தரவாதம் கொடுத்தாரா?' வழக்கு தள்ளுபடி!

நம் ஊரில் இதற்கும் முந்நூறு வருஷம் முந்தியே இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இங்கே நல்ல குதிரை பிறப்பதில்லை. ஹோர்முஸ், ஏடன் என்று அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கும். பாண்டிய மன்னர் வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அதே மாதிரி. ஒவ்வொரு குதிரைக்கும் கொட்டிக் கொடுக்கிறார்கள். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறுகூட மிஞ்சுவதில்லை!

ஏன்? அரிசிச் சோறும் கறியும் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். லாடம் அடிக்க, வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது. இதில் உச்சகட்டம் என்னவென்றால், குதிரை வியாபாரிகள் தங்களோடு வைத்தியர்களை அழைத்து வருவதுமில்லை, யாராவது வர முயன்றால் விடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் மறுபடி விற்கலாம்! மார்க்கோ போலோ கொஞ்சம் மசாலா சேர்க்கிற ஆள்தான். ஆனாலும் அடிப்படை வியாபாரம் உண்மை. அந்தக் குதிரைகளைத் தேர்ந்தெடுத்து வாங்கியவர்களுக்குக் குதிரை பார்க்கத் தெரியாமல் இருந்திருக்காது. வாங்கிய பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார் என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

சரி, போர்ஷேவுக்கு வருவோம். அதற்கு முன்னால், 'டர்போ' என்றால் என்ன?

கொல்லன் பட்டறைத் துருத்தி தெரியுமல்லவா? காற்றை ஊத ஊத நெருப்பு ஜுவாலை விடும். இன்ஜினும் அப்படித்தான். உள்ளே காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலும் அதிகமாக எரிக்கலாம், சக்தியும் கூடும். ஆனால் துருத்தியை யார் மிதிப்பது? ஆல்ஃபிரட் பூக்கி என்ற ஸ்விஸ் இன்ஜினீயர் 1905-ல் வாங்கிய காப்புரிமையில் பதில் இருந்தது. சைலன்ஸர் வழியாக வீணாகப் போகிற புகையே மிதிக்கட்டும்! புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். இருபது வருஷம் கழித்து, 1925-ல் ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் இது வேலை செய்தது. 1,750 குதிரை சக்தி இன்ஜின் 2,500 கொடுத்தது.

கார்களில்தான் படாத பாடு பட்டது. 1962-ல் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 'ஜெட்ஃபயர்' என்று ஒரு டர்போ கார் விட்டது. இன்ஜின் சூட்டைத் தணிக்க, மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கில் அடிக்கடி ஊற்ற வேண்டும். எத்தனை பேர் ஊற்றுவார்கள்? வண்டி மக்கர் பண்ணியது. கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது. 1973-ல் பி.எம்.டபிள்யூ. தன் 2002 டர்போவை அறிமுகம் செய்த கொஞ்ச நாளிலேயே அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடிவிட்டன. 1,672 கார்களோடு கதை முடிந்தது.

இந்த நேரத்தில்தான், 1974 அக்டோபர் பாரிஸ் கண்காட்சியில், போர்ஷே தன் 911 டர்போவைக் கொண்டுவந்து நிறுத்தியது. கம்பெனிக்குள் அதன் நம்பர் 930. எங்கேயிருந்து இந்தத் தைரியம்? ஆயிரம் குதிரை சக்திக்கு மேல் கொடுத்த அவர்களுடைய 917 டர்போ ரேஸ் கார், அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயங்களில் 1972-லும் 73-லும் எல்லோரையும் துடைத்துப் போட்டிருந்தது. அந்தப் பாடத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? 911-ல் டர்போ வைத்துச் செய்த முதல் காரைப் பரிசாகப் பெற்றவர் ஓர் எழுபது வயதுப் பாட்டி! கம்பெனியை நிறுவிய ஃபெர்டினாண்ட் போர்ஷேவின் மகள் லூயிஸ் பியஹ். பிறந்தநாள் பரிசு.

3 லிட்டர் இன்ஜின், 260 குதிரை சக்தி. அன்றைக்கு நம் அம்பாசிடருக்கு ஐம்பது சொச்சம். 1978-ல் 3.3 லிட்டர், 300 குதிரை சக்தி, கூடவே அமுக்கிய காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர். 1989 வரை வந்தது.

இங்கேதான் அந்தச் சுழி. இந்தக் காருக்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் 'விடோ மேக்கர்'. விதவையாக்கி! நம் மாட்டுச் சுழியில் புருஷன் பெண்டாட்டியை இழக்கிறான். இதில் பெண்டாட்டி புருஷனை இழக்கிறாள். காரணம் மூடநம்பிக்கை இல்லை, பௌதிகம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒன்றும் நடக்காது. புகை சேர்ந்து சக்கரம் வேகம் பிடிக்கிற வரை கார் சாது. பிறகு திடீரென்று முதுகில் உதைத்த மாதிரி பாயும். வளைவில் அது நடந்தால் ஓட்டுகிறவர் பயந்துபோய்க் காலை எடுப்பார். இன்ஜினோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. காலை எடுத்ததும் பின்பாரம் வெளியே வீசும், கார் பம்பரமாகச் சுற்றும். ஆகவே மச்சினரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி காரைப் பற்றியதல்ல. "நீ இதுக்கு முன்னாடி என்ன ஓட்டியிருக்கே?"

பழைய கார் என்றால் விலை தேய்ந்துகொண்டே போகும் என்று பி.காம். வகுப்பில் தேய்மானக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்தக் கார்கள் அந்தக் கணக்குக்கு அடங்காமல் விலை ஏறிவிட்டன. விலை ஏறினால் கூடவே போலியும் வரும். சாதாரண 911-க்கு அகலமான டர்போ பாடியைப் போர்ஷே கம்பெனியே விருப்பத் தேர்வாக விற்றிருக்கிறது, டர்போ இல்லாமல்! போதாததற்குப் பட்டறையில் ஒட்டவைத்தவை வேறு. அதனால் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் கம்பெனிப் பதிவோடு ஒத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் என்ற பேச்சே கூடாது. 1603-ம் வருஷத்துக் கல் ஞாபகம் இருக்கட்டும்.

பிறகு உடம்பு. 1976 மாடலிலிருந்து துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய தகட்டில் பாடி கட்டினார்கள். முந்தையதற்கு அந்தக் காப்பு இல்லை. பிந்தையதும் ஒரு தடவை இடிபட்டு வெல்டிங் ஆகியிருந்தால் காப்பு போச்சு. ஹெட்லைட் கூட்டுக்கு உள்பக்கம், பேட்டரிக்கு அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்கு அடிப்பட்டை முடிகிற இடம், இங்கெல்லாம் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். தகடு என்றால் ஒட்டும். பட்டி அடித்துப் பெயின்ட் பூசியிருந்தால் வழுக்கும்.

இன்ஜின்தான் நிஜமான பல். விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது கொஞ்சம் நீலப்புகை வந்தால் பதற வேண்டாம். படுத்த வாக்கில் சிலிண்டர் இருக்கிற இன்ஜினுக்கு அது சகஜம். சூடான பிறகும் வந்துகொண்டே இருந்தால் டர்போ ஸீலோ, வால்வ் கைடோ, பிஸ்டன் ரிங்கோ போயிருக்கிறது. ஆயில் அளவைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம். இதில் இன்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்க்கிறவருக்கு இந்தக் கார் தெரியாது என்று அர்த்தம், அவர் மெக்கானிக்காகவே இருந்தாலும்.

கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்ப்பது போல, சிலிண்டரில் காற்று கசிகிறதா என்ற லீக்-டவுன் டெஸ்ட் அவசியம். கீழ்ப்பக்கத்து வால்வ் கவரைக் கழற்றவும் சம்மதம் வாங்குங்கள். சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் போல்ட்டுகள் இந்த இன்ஜினில் 'டிலவார்' என்ற கலவை உலோகத்தால் ஆனவை, வருஷக் கணக்கில் துருவேறி ஒடியும் குணமுள்ளவை. ஒடிந்திருந்தால் துண்டு அந்தக் கவரிலேயே விழுந்து கிடக்கும். சரிசெய்ய இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். செலவைக் கேட்டால் பாண்டிய மன்னரே யோசிப்பார்.

ஓட்டிப் பார்க்கும்போது டர்போ அழுத்தம் காட்டும் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். கம்பெனி வைத்தது 0.8 பார். அதற்கு மேல் துள்ளினால் எந்தக் கைராசிக்காரரோ திருகி வைத்திருக்கிறார். அதை எட்டவே இல்லையென்றால் எங்கேயோ கசிகிறது, அல்லது டர்போ களைத்துவிட்டது. அப்புறம் சர்வீஸ் பில்கள். யார் பார்த்தார், எப்போது பார்த்தார், இப்போதும் அவர் இருக்கிறாரா? லாடம் அடிக்கிற ஆள் இல்லாத ஊரில் குதிரை வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதற்குக் காசு செலவில்லை. டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுவரை சுற்றும், புகை படும் பக்கம் பழுக்கக் காய்ந்திருக்கும். விரட்டி ஓட்டிவிட்டுச் சட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நிற்கும். உள்ளே தங்கிய ஆயில் அங்கேயே கருகிக் கரியாகி பேரிங்கைத் தின்னும். இதைத் தெரிந்துகொள்ள ஜெர்மனி போக வேண்டாம். அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பழைய டிரைவர்களைக் கேளுங்கள். நிறுத்தியதும் ஒரு நிமிஷமாவது சும்மா ஓடவிட்டுத்தான் இறங்குவார்கள். 930-க்கு டர்போ செய்து கொடுத்த 'கேகேகே' என்ற ஜெர்மன் கம்பெனியின் தொழில்நுட்பம்தான் 1980-களில் சென்னை டர்போ எனர்ஜி நிறுவனத்துக்கும் வந்தது. லாரிக்கும் போர்ஷேவுக்கும் அப்படி ஒரு உறவு!

ஆகவே டெஸ்ட் டிரைவ் முடிந்து திரும்பும்போது, கடைசிக் கொஞ்ச தூரத்தை விற்கிறவரை ஓட்டச் சொல்லுங்கள், நன்றாக விரட்டி. வண்டி வந்து நின்றதும் காரைப் பார்க்காதீர்கள். சாவிப் பக்கம் போகிற அவர் கையைப் பாருங்கள்.