கைவிட்டவை பறந்த கதை

பழைய விமானங்களின்பால் கொண்ட பற்று வாழ்க்கைத் தொழிலாகவே அமைவதுண்டு. நம் பெங்களூரில் அது ஒரு நாட்டின் படைபலமாகவும் அமைந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 'லிபரேட்டர்' என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பல கான்பூரில் கைவிடப்பட்டன. வேறெவரும் பயன்படுத்தலாகாது என்று வேண்டுமென்றே சிதைத்துவிட்டுச் சென்றனர். விடுதலை பெற்ற இந்தியாவிடமோ கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. நம்மவர் பலர் பணிபுரிந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1948-இல் அவற்றை மீட்க முற்பட்டது. பறக்கும் அளவிற்கு மட்டும் அங்கேயே செப்பனிட்டு, பெங்களூருக்குக் கொணர்ந்து முற்றும் புதுப்பிப்பது திட்டம். அந்த அரைகுறை விமானங்களை இங்கு ஓட்டிவந்தவர் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. துணிவு மட்டும் இதற்குப் போதாது. சிறிது பித்தும் வேண்டும் என்பேன். 1951-இல் இந்நாட்டில் உருவான எச்.டி.-2 பயிற்சி விமானத்தை முதன்முதல் பறக்கவிட்டவரும் அவரே.

இவ்வாறு உயிர்பெற்றவை நாற்பதுக்கு மேல். 1968 வரை அவை நம் விமானப்படையில் பணியாற்றின. அதன்பின் மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் அவற்றை நாடி வந்தன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீமா அருங்காட்சியகத்திற்கு ஒன்று 1969-இல் பறந்தே சென்றது. அமெரிக்காவில் பிறந்து பெங்களூரில் மறுபிறவி எடுத்த அவ்விமானத்தை இன்றும் அங்கே காணலாம்.