கோலமாவுல போட்ட ஊர்

என் வயலோட புலப்படம் ஒத்தைத் தாள். சர்வே நம்பர் இருக்கு. கல்லுக்குக் கல் எத்தனை மீட்டர்னு இருக்கு. மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அதுல இல்ல.

1802-ல பரங்கிமலையில இருந்து லாம்டன் முதல் கோட்டை அளந்த காலம் தொட்டு, படம் போடுறவர் வெளியில இருந்துதான் வருவார். ஊர்க்காரங்க கல்லைக் காட்டிட்டு ஒதுங்கி நிப்பாங்க.

இது 1980-களோட கடைசியில கொஞ்சம் மாறுச்சு. கர்நாடகத்துல மைராடா, குஜராத்துல ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் மாதிரி அமைப்புகள், ஊர் மக்களையே அவங்க ஊரை வரையச் சொன்னாங்க. அப்போ ஹைதராபாத்துல இருந்த ராபர்ட் சேம்பர்ஸ் இதை உலகம் பூரா எடுத்துட்டுப் போனார். பங்கேற்பு ஊரக மதிப்பீடு, சுருக்கமா பி.ஆர்.ஏ.

தாள் கிடையாது, தரைதான். கோலமாவு, விதை, கூழாங்கல் போதும். தாள்ல வரைஞ்சா பேனா வச்சிருக்கவர் சொல்றதுதான் படம். தரையில அப்படியில்ல. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் குனிஞ்சு, "ஓடை இங்கிட்டு இல்லப்பா, அங்கிட்டு"ன்னு அழிச்சுப் போடலாம். வந்த அதிகாரி செய்ய வேண்டியது, கையில இருக்க குச்சியைக் கொடுத்துட்டு வாயை மூடிக்கிறது. அதுதான் அவங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

பலனும் இருந்துச்சு. நம்ம மாநிலத்துல 2005-ல வந்த புதுவாழ்வுத் திட்டத்துல, யார் ஏழைன்னு ஊரே உக்காந்து வரைஞ்சு, பேசி, கிராம சபையில ஒத்துக்கிட்ட பட்டியல்தான் செல்லுபடியாச்சு. மக்கள் நிலை ஆய்வுன்னு பேர். ரோட்டோரத்து மாடிவீட்டுக்காரர் கண்ணுல படாத கடைசித் தெருக் குடிசையும் அந்தப் படத்துல வந்தாக வேண்டியிருந்துச்சு.

ஆனா இதுவே பின்னாடி சடங்காவும் ஆச்சு. எங்க ஊர்ச் சுவர்லயும் பெயின்ட்ல ஒரு படம் கிடக்கு. அதுக்கப்புறம் எத்தனையோ வீடு வந்துருச்சு, வாய்க்கால் ஒண்ணு தூர்ந்தும் போச்சு. படம் மட்டும் மாறல. வரைஞ்ச அன்னைக்குக் கூட்டம்; போட்டோ எடுத்தாங்க, தாளைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஊர்க்கிட்ட ஒரு நகல் இல்ல.

தாத்தா காலத்துல வாய்க்கால் எங்க ஓடுச்சுன்னு நாளைக்கு ஒரு தகராறு வந்தா, நாங்களே சொன்ன சாட்சி எங்க கையில கிடையாது. உங்க தெருவுக்கும் யாராவது படம் போட வந்தா, குச்சியை வாங்குங்க. முடிஞ்சதும் மறக்காம நகலைக் கேளுங்க.