சிவப்புக்கோடு (என்ஜின் சுழல்வேக எல்லை)

சிவப்புக்கோடு என்பது ஓர் என்ஜினை நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை ஓட்டலாம் என்று அதன் தயாரிப்பாளர் வகுத்த மேல் எல்லை. டாக்கோமீட்டர் முகப்பில் சிவப்புப் பட்டை தொடங்கும் இடத்திலிருந்து இந்தப் பெயர் வந்தது. அதற்குச் சற்று மேலே, பெட்ரோலையோ தீப்பொறியையோ தானாக நிறுத்தும் இன்னோர் எல்லை உண்டு, அது 'லிமிட்டர்'. இரண்டும் ஒன்றல்ல, பேச்சில் ஒன்றாகவே வழங்கினாலும்.

ஏர் ஃபில்டர், சைலன்சர், கேம், ஈ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆகியவற்றை மட்டும் மாற்றி, பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஆகியவற்றைக் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவைத்த கார்களில் இந்த எல்லையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதுதான் டியூனிங் செய்பவர்களின் முதற் கேள்வி. உயர்த்த முடிகிற என்ஜின்களில் பொதுவாக 300 முதல் 500 சுற்று. பலவற்றுக்கு ஒன்றுமே இல்லை.

பிஸ்டன் வேகம்: வரலாறு

சுற்று எண்ணிக்கை தனியாக எதையும் சொல்லாது. ஒரு சுற்றில் பிஸ்டன் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் போய்வருகிறது. ஆகவே ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஒருமுறை கடக்கும் தூரத்தை, மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கி, சுற்றால் பெருக்கி, 60ஆல் வகுத்தால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு மீட்டரில் கிடைக்கும். என்ஜின்களை ஒப்பிட இதுவே சரியான அளவுகோல்.

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் என்ஜின் 954 சி.சி., ஒற்றை சிலிண்டர், ஸ்ட்ரோக் 150 மி.மீ. அது 400 சுற்றில் முக்கால் குதிரைத்திறன் தந்தது. பிஸ்டன் வேகம் விநாடிக்கு 2 மீட்டர், அதாவது வேகமாக நடக்கும் ஒருவரின் வேகம். அக்காலத்தில் எல்லையை வைத்தது தீமூட்டும் முறை. டைம்லர் என்ஜின்களில் பர்னரால் பழுக்கச் சூடேற்றிய குழாய் ஒன்று கலவையைப் பற்றவைத்தது. பற்றும் கணத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த வழியில்லாததால் எழுநூறு, எண்ணூறு சுற்றுக்குமேல் போவது கடினம். பிரான்சில் ஜார்ஜ் பூத்தோன் 1895 வாக்கில் பேட்டரி, காயில், பாயின்ட் வைத்துச் செய்த டி டியோன்-பூத்தோன் என்ஜின் சுமார் 1500 சுற்றை எட்டியது. அதிவேக என்ஜினின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த தடையை வைத்தவர்கள் அரசாங்கத்தார். இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் வகுத்த குதிரைத்திறன் சூத்திரம், சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்கச் சொன்னது. அதற்குள்ளே ஒளிந்திருந்த அனுமானம், எல்லா என்ஜினின் பிஸ்டனும் நிமிடத்துக்கு 1000 அடி, அதாவது விநாடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில்தான் ஓடும் என்பது. ஸ்ட்ரோக் கணக்கிலேயே வரவில்லை. 1921 முதல் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வரி என்றானதும், 3.75 அங்குல விட்டம் கொண்ட ஃபோர்டு மாடல் டி 22.5 குதிரையாகக் கணக்கிடப்பட்டு 23 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. ஆஸ்டின் செவன் 8 பவுண்டோடு தப்பியது. ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள் விட்டத்தைக் குறுக்கி ஸ்ட்ரோக்கை நீட்டத் தலைப்பட்டனர். 1930களின் மாரிஸ் எய்ட்டுக்கு விட்டம் 57 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. இத்தகைய ஒல்லி என்ஜினில் வால்வுக்கும் இடமில்லை, சுற்றும் ஏறாது. 1940களின் இறுதிவரை நீடித்த இந்த அபத்த வரி ஒரு நாட்டின் என்ஜின் தொழிலையே முடக்கிவைத்தது.

வரி அனுமானம் எவ்வளவு பழையது என்பதைப் பந்தயக்களம் முன்பே காட்டியிருந்தது. 1912 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஜார்ஜ் புவாயோ ஓட்டி வென்ற பெஜோ, 7.6 லிட்டர், இரட்டை கேம், சிலிண்டருக்கு நான்கு வால்வு. 200 மி.மீ. ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு 2200 சுற்று. பிஸ்டன் வேகம் 14.7 மீட்டர். 1967இல் வந்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. சுமார் 65 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 9000 சுற்று, ஏறக்குறைய 19.5 மீட்டர். 1986இல் ரெனோ வால்வு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அழுத்தக் காற்றை வைத்தது. இருபது ஆண்டு கழித்து ஃபார்முலா ஒன் என்ஜின்கள் 20,000 சுற்றைத் தொட்டன. 2007இல் 19,000, 2009இல் 18,000 என்று விதி அவற்றை இறக்கியது. அந்த என்ஜின்களின் ஸ்ட்ரோக் 40 மி.மீ. அளவில்தான், ஆகவே 20,000 சுற்றிலும் பிஸ்டன் வேகம் 26, 27 மீட்டரைத் தாண்டவில்லை. 1999இல் கடையில் விற்பனைக்கு வந்த ஹோண்டா எஸ்2000இன் பிஸ்டன், 84 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 9000 சுற்று சுற்றி 25.2 மீட்டர் வேகத்தில் ஓடியது. பந்தயக் காருக்கும் தெருக் காருக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

இதிலிருந்து வரும் நடைமுறை விதி: சாதாரண வார்ப்பு பிஸ்டன் உள்ள என்ஜினில் 20 மீட்டர் வரை பொதுவாகக் கவலையில்லை, 25ஐ நெருங்குவதற்கு அந்த என்ஜினே அதற்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும்.

விதி மேல் எல்லையைத்தான் சொல்லும், உறுதி தராது. மாருதி 800இன் ஸ்ட்ரோக் 72 மி.மீ.; 9000 சுற்றில்கூட 21.6 மீட்டர்தான் வரும். கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காருக்கு உயிர் கொடுத்தது இந்த 796 சி.சி. என்ஜின்தான். ஆனால் ஒற்றை கேம், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, வீட்டுக் காருக்கான ஸ்பிரிங் என்றிருக்கும் என்ஜினின் தலைப்பகுதி, பிஸ்டனுக்கு வெகு முன்பே கைவிரித்துவிடும்.

எது முதலில் போகும்

ஓடும் பாகங்களின் மீதான விசை சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 7000ஐ 8000 ஆக்கினால் சுற்று 14 சதவீதம்தான் கூடுகிறது, விசையோ 31 சதவீதம். எஸ்2000இல் 9000 சுற்றில், மேல் முனையில் திரும்பும் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 4850 மடங்கு. கையில் 300 கிராம் கனக்கும் பொருள் அங்கே ஒன்றரை டன்னாக இழுக்கும். அதிலும் கொடியது, புகையை வெளியேற்றும் ஸ்ட்ரோக்கின் முடிவு. மேலிருந்து தள்ளிப்பிடிக்க வாயு அழுத்தம் இல்லாத அந்த நொடியில் முழு இழுப்பும் ராடு மீதும், ராடின் அடிமூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட் மீதும் விழுகிறது. போல்ட் நீண்டால் பேரிங் வாய் விரியும். அடுத்து ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கம்பெனி ராடை வைத்துக்கொண்டு சுற்று ஏற்றுபவர்கள் முதலில் போல்டை மாற்றுவது இதனால்தான். புதுப் போல்டை முறுக்கியபின் பேரிங் வாய் வட்டமாக இருக்கிறதா என்று அளக்கவேண்டும், தேவைப்பட்டால் கடைந்து சரிசெய்யவேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

வால்வு ஸ்பிரிங் சாதுவான காவலாளி. சுற்று மிஞ்சினால் வால்வு கேமைத் தொடராமல் மிதக்கத் தொடங்கும், சக்தி குறையும், ஓட்டுபவருக்குத் தெரியும். அந்தக் காவலாளியை நீக்கி வலிய ஸ்பிரிங் போட்டுவிட்டால் அடுத்த எச்சரிக்கை ராடு தருவதுதான். மிதக்கும் வால்வு பிஸ்டனில் இடிக்கும் வகை என்ஜின்களில் இந்தச் சாதுத்தனமும் கிடையாது.

ஆயில் பம்ப் அதிவேகத்தில் ஆயிலோடு காற்றையும் நுரையையும் இழுக்கும். பேரிங்கில் படலம் அறுந்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். எடை குறைப்பதாகச் சொல்லி கிராங்க் முனையிலுள்ள டேம்பர் புல்லியைக் கழற்றி அலுமினியப் புல்லி மாட்டுவது தவறு: கிராங்கின் முறுக்கதிர்வை அடக்குவதே அதன் வேலை. பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீல் அளவுக்கு மீறிய சுற்றில் சிதறக்கூடியது. அது ஓட்டுபவரின் காலருகே இருக்கிறது.

டர்போ ஏற்றிய என்ஜினில் கதை மாறுகிறது. அங்கே ராடை வளைப்பது குறைந்த சுற்றில் வரும் மிகையான டார்க். சுற்றை ஏற்றுவதால் பெரிய லாபமில்லை. கம்பெனி கேம் உள்ள எந்த என்ஜினிலும், சக்தி உச்சம் தாண்டி இறங்கத் தொடங்கியபின் லிமிட்டரை உயர்த்துவது பெரும்பாலும் சத்தத்துக்குத்தான் உதவும்.

ஹோண்டா என்ஜின்கள்

இத்துறையில் சான்று மிகுந்திருப்பது ஹோண்டாவுக்கே. 1989இல் வந்த பி16ஏ, 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறனை 7600 சுற்றில் கொடுத்தது. 77.4 மி.மீ. ஸ்ட்ரோக், 8000 சுற்றில் 20.6 மீட்டர். அதன் உறவான இன்டெக்ரா டைப் ஆர் பி18சி, 87.2 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 8400 சுற்று சுற்றி 24.4ஐ எட்டியது. ஆனால் அதே குடும்பத்தின், விடெக் (சுற்றுக்கேற்ப வால்வுத் திறப்பை மாற்றும் அமைப்பு) இல்லாத பி18பி அமைதியான வீட்டு என்ஜின். அதன் பிளாக்கில் விடெக் ஹெட்டை மாட்டி 8000க்குமேல் முறுக்கியவர்கள் ராடு போல்டைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டார்கள். ராடு நீளத்துக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதமே (பி16ஏயில் 1.74, பி18பியில் 1.54) எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். விகிதம் சிறிய பங்குதான், போல்ட்டே முக்கியம்.

கே24ஏ2வின் ஸ்ட்ரோக் 99 மி.மீ. கம்பெனி எல்லையான 7100 சுற்றிலேயே 23.4 மீட்டர், 7600இல் 25ஐத் தாண்டிவிடும். இதில் பேலன்ஸ் தண்டுகளோடு வரும் ஆயில் பம்பைக் கழற்றி, அவை இல்லாத கே20 பம்பை மாட்டுவது அமெரிக்காவில் வழக்கமாகிவிட்டது.

தயாரிப்பாளரே கணக்குப் போட்டதற்கு எஸ்2000 சாட்சி. 2004இல் அமெரிக்கச் சந்தைக்கு ஸ்ட்ரோக்கை 90.7 மி.மீ. ஆக நீட்டியபோது சிவப்புக்கோட்டை 8000க்கு இறக்கினார்கள். பிஸ்டன் வேகம் 24.2. கம்பெனி எல்லைக்குள் ஓட்டினால் ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட முடியாது: 8000 சுற்று சுற்றும் பி.எம்.டபிள்யூ. ஈ46 எம்3இன் முற்பட்ட கார்களில் ராடு பேரிங்குகளை நிறுவனமே திரும்ப அழைத்து மாற்றித்தர நேர்ந்தது.

லிமிட்டரும் தப்பு கியரும்

டிஸ்ட்ரிபியூட்டர் காலத்தில் பாஷ் நிறுவனம் ரோட்டரில் ஒரு சிறு எடையும் ஸ்பிரிங்கும் வைத்தது. சுற்று மிஞ்சினால் எடை வெளியே நகர்ந்து தீப்பொறியைத் தரைக்கு விட்டுவிடும். பிற்பாடு ஈ.சி.யூ. அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இரண்டும் காப்பது ஆக்சிலரேட்டரை மிதிப்பவரை மட்டுமே. சக்கரம் கிராங்கைச் சுற்றவைக்கும்போது பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்? எஸ்2000இல் 9000 சுற்றில் நாலாவதிலிருந்து ஐந்தாவதற்குப் போகவேண்டிய கை மூன்றாவதில் விழுந்தால், நாலாவதின் 1.161க்குப் பதில் மூன்றாவதின் 1.481 விகிதம், கிளட்சை விட்டதும் கிராங்க் 11,480ஐத் தொடும். விசை 63 சதவீதம் கூடுகிறது. போர்ஷே கார்களின் ஈ.சி.யூ. இத்தகைய மிகைச்சுற்றுகளைப் படிவாரியாகப் பதிந்துவைக்கிறது; பழைய கார் வாங்குபவர்கள் அந்தப் பதிவை முதலில் கேட்கிறார்கள்.

இன்றைய நிலை

பல புதுக் கார்கள் சிறிய டர்போ என்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்டவை; சிவப்புக்கோடு 6000, 6500இலேயே நிற்கிறது. மின்கார்களின் முகப்பில் பொதுவாக டாக்கோமீட்டரே இல்லை.